மீட்பு அமைப்பின் இடம் பூட் மெனுதான்

லினக்ஸ் பயிலரங்குகளிலும் பயனர் கூட்டங்களிலும் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுக் கிடக்கிறது. கணினி பூட் ஆகாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று புதியவர் கேட்டால், "பென் டிரைவில் ஒரு லைவ் லினக்ஸ் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்பார்கள். அந்த மீட்பு அமைப்பைக் கணினியின் வட்டிலேயே வைத்து, கிரப் மெனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாமே என்றால் மூன்று மறுப்புகள் வரும். வட்டு போனால் அதிலுள்ள மீட்பு அமைப்பும் சேர்ந்து போகும் என்பது முதலாவது. மெனுவில்தான் ரெக்கவரி மோடு ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்பது இரண்டாவது. கணினியின் முன் உட்காரும் எவரும் அதன்வழி ரூட் உரிமை பெற்றுவிடுவார் என்பது மூன்றாவது.

மூன்றையும் மறுக்கிறேன். பென் டிரைவ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது கடைசி அரணாக இருக்கட்டும். முதல் அரண் கணினிக்குள் இருக்க வேண்டும். நிறுவிய லினக்ஸைச் சிறிதும் சாராமல் தனியாக இயங்கும் முழுமையான மீட்பு அமைப்பு ஒன்று ஒவ்வொரு கணினியின் பூட் மெனுவிலும் நிற்க வேண்டும். அது இல்லாத கணினியில் நிறுவல் வேலை இன்னும் முடியவில்லை என்றே கொள்கிறேன்.

முதல் மறுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினி ஏன் பூட் ஆகாமல் போகிறது என்பதைப் பாராமல் எழுந்த மறுப்பு அது. வட்டு சாவது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு யுயுஐடியைத் தவறாக எழுதிவிட்டால், சிஸ்டம்டி அந்தப் பார்ட்டிஷனுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். பூட் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பிக் கிடந்தால், புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படாது. டிஸ்ட்ரோவைப் புதிய பதிப்புக்கு ஏற்றும்போது நடுவில் மின்சாரம் போனால், பாதிப் பொதிகள் புதியதாகவும் பாதி பழையதாகவும் நின்றுவிடும். சுடோ போட்டு ஓட்டிய சிஹெச்ஓன் கட்டளையில் ஓர் இடைவெளி பிசகினால் கோப்புகளின் உடைமையெல்லாம் மாறிப்போய், அதன்பின் சுடோவே இயங்க மறுக்கும். ஜிலிப்சி குலைந்தால் ஷெல்கூடத் திறக்காது. கடவுச்சொல்லை மறந்துவிட்டவரும் இதே கதவின் முன்தான் நிற்கிறார். இத்தனையிலும் வட்டு நலமாக இருக்கிறது. அதிலுள்ள ஒரு கோப்பையோ சில பொதிகளையோ சரிசெய்தால் கணினி எழுந்துவிடும். சரிசெய்யத் தேவைப்படுவது, அந்தக் கோப்புகளைச் சாராத இன்னொரு லினக்ஸ். அது அதே வட்டில் இருப்பதால் எந்தக் குறையும் வராது.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை இங்கே எடுத்துப் பார்ப்பது தகும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அவை ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகளின் வேலை தடைப்பட்டது. அதற்குக் காரணம் வட்டுப் பழுது அன்று. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். நீக்குவதற்கு முதலில் சொல்லப்பட்ட வழி, சேஃப் மோடில் அல்லது விண்டோஸ் அதே வட்டில் வைத்திருக்கும் மீட்புச் சூழலில் பூட் செய்வதுதான். விண்டோஸ் 7 காலம் முதல் அந்தச் சூழல் தானாகவே நிறுவப்பட்டு வருகிறது. ஆப்பிள் 2011இல் லயன் பதிப்போடு மீட்புப் பார்ட்டிஷனைக் கொண்டுவந்தது. லினக்ஸ் உலகிலேயே பாப் ஓஎஸ் தன் நிறுவலில் மீட்புப் பார்ட்டிஷன் ஒன்றை அமைக்கிறது. வட்டோடு சேர்ந்து போய்விடும் என்ற காரணத்துக்காக இவர்கள் யாரும் அதைக் கைவிடவில்லை. வட்டு சாகாமலே கணினி நிற்கும் தருணங்களுக்காக அதை வைத்திருக்கிறார்கள்.

வட்டில் கீறல் விழத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அப்போது பென் டிரைவை எடுங்கள். அதற்காகத்தான் அது கடைசி அரண். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல மீட்பு அமைப்புகள் தம்மை முழுவதுமாக ரேமுக்கு நகலெடுத்துக்கொண்டு இயங்கவல்லவை. கிரம்ல் அமைப்பில் 'டுராம்', சிஸ்டம்ரெஸ்க்யூவில் 'காப்பிடுராம்' என்ற பூட் அளவுரு அதைச் செய்யும். நகலெடுத்து முடிந்தபின் வட்டு முழுதும் விடுபட்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ கொண்டு தகவலை வேறு வட்டுக்கு எடுக்கலாம், கோப்பு முறைமையைச் சோதிக்கலாம், பார்ட்டிஷனைச் சுருக்கலாம். நிற்கும் கிளையை வெட்டுகிறோமோ என்ற அச்சம் இதில் வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிடத் தீங்கானது, ஏனெனில் அது பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்துவிடுகிறது. டெபியன் மெனுவில் ரெக்கவரி மோடு என்று இருப்பது என்ன? அதே கெர்னல், அதே இனிட்ராம்எஃப்எஸ், அதே ரூட் பார்ட்டிஷன்; கெர்னலுக்குப் போகும் வரியில் 'சிங்கிள்' என்ற சொல் மட்டும் கூடுதல். ஜிலிப்சி கெட்டிருந்தால் இங்கும் கெட்டிருக்கும். இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றிருந்தால் இங்கும் பாதிதான். நிறுவும்போது ரூட் கடவுச்சொல் வைக்காமல் சுடோவை நம்பிய பல டெபியன் கணினிகளில், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியோடு அந்த வழி அடைபட்டுவிடும். உபுண்டு இதற்கு ஒரு மெனு தருகிறது. ஆனால் அந்த மெனுவும் பழுதான அதே கோப்பு முறைமையிலிருந்துதான் திறக்க வேண்டும். ஃபெடோரா நிறுவும் நாளிலேயே எல்லா டிரைவர்களையும் உள்ளடக்கிய இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றை 'ரெஸ்க்யூ' என்ற பெயரில் உருவாக்கி வைக்கிறது. கெர்னல் பழுதுக்கு அது உதவும். அதன்பின் ஏற வேண்டிய ரூட் பார்ட்டிஷனே சிதைந்திருந்தால் உதவாது. பிறகு ஓர் அடிப்படையான தடையும் உண்டு: ஏற்றப்பட்டிருக்கும் ரூட் பார்ட்டிஷனில் எக்ஸ்எஃப்எஸ் பழுதுபார்ப்பைப் பாதுகாப்பாக ஓட்ட முடியாது, எக்ஸ்ட்4ஐச் சுருக்க முடியாது. நோயாளியே தனக்கு அறுவை செய்துகொள்ள வேண்டிய ஏற்பாட்டுக்கு ரெக்கவரி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஓபன்சூசே தன் பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்களை மெனுவிலிருந்தே பூட் செய்ய வழி செய்திருப்பது அருமையான வேலை. தவறான அப்டேட் ஒன்றிலிருந்து பின்வாங்க அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் எல்லா ஸ்னாப்ஷாட்களும் ஒரே கோப்பு முறைமைக்குள் வாழ்பவை. அதன் மெட்டாடேட்டா சிதைந்தால் அத்தனையும் ஒன்றாகப் போகும். பின்வாங்குவது வேறு, வெளியிலிருந்து கைவைத்துப் பழுதுபார்ப்பது வேறு, இரண்டும் வேண்டும்.

பென் டிரைவே போதும் என்ற நம்பிக்கை எத்தனை நிபந்தனைகளின் மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தேவைப்படும் நேரத்தில் அது கையருகே இருக்க வேண்டும். இடையில் யாரும் அதை வேறு வேலைக்காக ஃபார்மேட் செய்திருக்கக் கூடாது. கணினியின் ஃபெர்ம்வேரில் யுஎஸ்பி பூட் திறந்திருக்க வேண்டும். அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் அதைக் கடவுச்சொல் போட்டு மூடிவைப்பது வழக்கம். அதிலுள்ள பதிப்பு உங்கள் வட்டைவிட மிகப் பழையதாக இருக்கக் கூடாது. 2023இல் வந்த இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47, எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் உருவாக்கும்போது 'ஆர்ஃபன் ஃபைல்' என்ற புதிய அம்சத்தை இயல்பாகவே சேர்த்தது. அப்படி உருவான பார்ட்டிஷனைப் பழைய லைவ் பென் டிரைவில் உள்ள இ2எஃப்எஸ்சிகே தொடவே மறுக்கும். புதிய பதிப்பைக் கொண்டுவா என்று சொல்லி நின்றுவிடும். இருக்கும் ஒரே கணினி பூட் ஆகாதபோது புதிய ஐஎஸ்ஓவை எங்கிருந்து இறக்குவது, எதில் எழுதுவது? வட்டில் இருக்கும் ஐஎஸ்ஓவும் பழையதாகும் என்பது உண்மை. ஆனால் கணினி நலமாக ஓடும் நாட்களில் அதைப் புதுப்பிப்பது ஒரு கோப்பை மாற்றிவைக்கும் வேலை. அதை ஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைக்கலாம். டிராயரில் கிடக்கும் பென் டிரைவை எந்த ஸ்கிரிப்ட்டும் புதுப்பிக்காது.

கணினி வேறு ஊரில் இருந்தால் நிலைமை இன்னும் தெளிவு. கிளை அலுவலகத்திலோ, பெற்றோர் வீட்டிலோ, திரையும் விசைப்பலகையும் இல்லாமல் அலமாரியில் இருக்கும் சர்வரிலோ பென் டிரைவைச் செருக யாரும் இல்லை. எஸ்எஸ்ஹெச் இன்னும் கிடைக்கும்போதே ரூட் பார்ட்டிஷனைச் சுருக்கவோ சோதிக்கவோ வேண்டியிருந்தால், 'கிரப்-ரீபூட்' கட்டளையால் அடுத்த ஒரு முறை மட்டும் மீட்பு அமைப்பில் பூட் ஆகும்படி சொல்லிவிடலாம். கிரம்ல் அமைப்புக்குப் பூட் அளவுருவில் கடவுச்சொல் கொடுத்துவைத்தால் எஸ்எஸ்ஹெச் சேவை தானே தொடங்கும். உள்ளே போய் வேலையை முடித்துத் திரும்ப ரீபூட் செய்தால் பழைய அமைப்பு எழும். ஒரு எச்சரிக்கை: பூட் கோப்புறை எல்விஎம் அல்லது மென்பொருள் ரெய்டின் மேல் இருந்தால், கிரப் தன் குறிப்பை அழித்து எழுத முடியாமல் ஒவ்வொரு முறையும் மீட்பு அமைப்பிலேயே போய் நிற்கும். அதனால் பூட் பார்ட்டிஷனைச் சாதாரண எக்ஸ்ட்4 ஆக வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பின் பெயரால் வருவது. அதைப் பொறுப்போடு எடுத்துப் பார்ப்போம். மெனுவில் மீட்பு அமைப்பு இல்லாவிட்டால் கணினி பத்திரமா? கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் இறுதியில் 'இனிட்' அளவுருவாக பேஷ் ஷெல்லைக் கொடுத்தால், கடவுச்சொல் இல்லாமலே ரூட் ஷெல் திறக்கும். இது எந்த நிர்வாகியும் அறிந்த வழி. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே கதை. கைக்கெட்டும் கணினியில் தகவலைக் காப்பது வட்டுக் குறியாக்கம் ஒன்றே. லக்ஸ் போட்டிருந்தால் மீட்பு அமைப்பில் நுழைந்தவர் பார்ப்பது குறியாக்கப்பட்ட குவியலைத்தான். கடவுத்தொடர் தெரிந்த உரிமையாளருக்கு மட்டுமே அது திறக்கும். மீட்பு ஐஎஸ்ஓவை யாரேனும் மாற்றிவைத்துவிட்டால் என்று கேட்பதும் நியாயமே. ஆனால் டெபியன், உபுண்டு இரண்டின் வழக்கமான குறியாக்க நிறுவலிலும் பூட் பார்ட்டிஷன் குறியாக்கம் இல்லாமல்தான் இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கும் அதே ஆபத்து ஏற்கெனவே உண்டு. புதிய ஓட்டை எதையும் மீட்பு அமைப்பு திறக்கவில்லை. பொது இடத்துக் கணினி என்றால் கிரப்பிலேயே கடவுச்சொல் வைத்து, வழக்கமான வரியை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டு, மீட்பு வரியையும் திருத்தும் வசதியையும் நிர்வாகிக்கு மட்டும் ஒதுக்கலாம்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான செய்தி வேறொன்று, அதை எதிர்த்தரப்பு பெரும்பாலும் சொல்வதில்லை. கிரப்பே எழாவிட்டால் மெனுவும் வராது, மெனுவிலுள்ள மீட்பும் வராது. இது நடந்திருக்கிறது. 2020 ஜூலை இறுதியில் பூட்ஹோல் என்ற கிரப் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டால், ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், சென்டோஸ் ஆகியவற்றின் 7, 8 பதிப்புகள் ஓடிய பல கணினிகள் மெனுவுக்கு முன்பே உறைந்தன. 2022 ஆகஸ்ட்டில் ஆர்ச் லினக்ஸிலும் அதைச் சார்ந்த டிஸ்ட்ரோக்களிலும், புதிய உள்ளமைவுக் கோப்பும் வட்டில் நிறுவியிருந்த பழைய கிரப்பும் ஒத்துப்போகாமல் பலருக்குக் கணினி பூட் ஆகவில்லை. இதற்கும் கணினிக்குள்ளேயே விடை உண்டு. லினக்ஸ் 3.3 முதல் கெர்னல் தன்னையே ஒரு யுஇஎஃப்ஐ நிரலாக ஏற்றவைத்துக்கொள்ளும். மீட்பு அமைப்பின் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்து, இஎஃப்ஐபூட்மேனேஜர் கொண்டு ஃபெர்ம்வேரிலேயே தனிப் பதிவு ஒன்று உருவாக்கினால், கிரப் இல்லாமலே அதை எழுப்பலாம். செக்யூர் பூட் போட்டிருக்கும் கணினியில் இதற்குக் கையொப்ப வேலை கூடுதலாக வேண்டும் என்பதை மறைக்கவில்லை. அது இயலாதவருக்குத்தான் பென் டிரைவ்.

இதெல்லாம் கடினம் என்று ஒதுங்குவோருக்கு, வேலையின் அளவைச் சொல்கிறேன். டெபியனிலும் உபுண்டுவிலும் 'கிரம்ல்-ரெஸ்க்யூபூட்' என்ற பொதி இருக்கிறது. கிரம்ல் என்பது ஆஸ்திரியாவின் மைக்கேல் புரோகொப் தொடங்கிய, கணினி நிர்வாகிகளுக்கான டெபியன் வழி லைவ் அமைப்பு. அதன் ஐஎஸ்ஓவைப் பூட் கோப்புறைக்குள் 'கிரம்ல்' என்ற துணைக் கோப்புறையில் போட்டு, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டினால் மெனுவில் வரி வந்துவிடும். புதிய ஐஎஸ்ஓவை இறக்கித்தரும் ஸ்கிரிப்ட்டும் அந்தப் பொதியோடு வருகிறது. மற்ற டிஸ்ட்ரோக்களில் கிரப்பின் '40_கஸ்டம்' கோப்பில் சில வரிகளை எழுத வேண்டும். கிரப்பின் 'லூப்பேக்' கட்டளை ஐஎஸ்ஓவை ஒரு வட்டுபோலத் திறந்து, உள்ளிருக்கும் கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் எடுக்கும். கெர்னல் எழுந்தபின் கிரப்பின் வேலை முடிந்துவிடுவதால், ஐஎஸ்ஓ எங்கே இருக்கிறது என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரம்லுக்கு 'ஃபைண்ட்ஐஎஸ்ஓ', சிஸ்டம்ரெஸ்க்யூவுக்கு 'ஐஎம்ஜி_டெவ்', 'ஐஎம்ஜி_லூப்' என்று அளவுருக்கள் வேறுபடும். இந்த ஓர் இடத்தில் பிழை செய்துவிட்டு, வட்டிலிருந்து ஐஎஸ்ஓ பூட் ஆகாது என்று முடிவுகட்டுவோர் பலர்.

இடம் என்ன பெரிதாகக் கேட்கிறது? இவ்வகை ஐஎஸ்ஓக்கள் ஏறத்தாழ 1 ஜிபி. வட்டின் கடைசியில் 4 ஜிபியில் ஓர் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒதுக்கினால் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டையும் வைக்கலாம். 256 ஜிபி எஸ்எஸ்டியில் அது நூறில் இரண்டு பங்குகூட இல்லை. அந்தப் பார்ட்டிஷன் குறியாக்கம் இல்லாததாகவும் எல்விஎம்முக்கு வெளியேயும் இருக்கட்டும். கிரப் 2.06 லக்ஸ்2ஐ ஓரளவுதான் அறியும், ஆர்கான்2 கொண்டு பூட்டியதை அதனால் திறக்க முடியாது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கிரப்புக்கு முன் ஏறும் ஷிம் என்ற சிறு நிரல் நம்பும் கையொப்பமுள்ள கெர்னல் வேண்டும். டெபியனின் ஷிம் உபுண்டுவின் கெர்னலை ஏற்காது. ஆகவே உங்கள் டிஸ்ட்ரோவின் லைவ் ஐஎஸ்ஓவையே மீட்பு அமைப்பாக வைப்பது அங்கே எளிய வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, அமைத்த அன்றே ஒரு முறை அதில் பூட் செய்யுங்கள். வட்டு தெரிகிறதா, லக்ஸ் திறக்கிறதா, ரூட் பார்ட்டிஷனை ஏற்றி சிஹெச்ரூட் செய்து உள்ளே போக முடிகிறதா, இணையம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கணினி நலமாக இருக்கும் நாளில் செய்த இந்தச் சோதனைதான் அது நின்றுபோகும் நாளில் உங்களைக் காக்கும்.

இன்னொரு சாராரும் உண்டு. பழுதானால் புதிதாக நிறுவிவிடலாம், அரை மணி நேர வேலை என்பவர்கள். நிறுவல் அரை மணியில் முடியும். பல ஆண்டுகளாகச் செதுக்கிய உள்ளமைவும், தரவுதளமும், பிரிண்டர் அமைப்பும், கைப்பட எழுதிய சேவைகளும் அரை மணியில் திரும்பி வருவதில்லை. அதைவிட முக்கியமாக, எது பழுதானது என்று தெரியாமலே அழித்து நிறுவுபவர் அடுத்த பழுதிலும் அதையேதான் செய்வார். உள்ளே திறந்து பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் உரிமைக்காகத்தான் நம்மில் பலர் லினக்ஸுக்கு வந்தோம். மீட்பு அமைப்பு அருகில் இல்லாததால் அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது பெரும் இழப்பு.

இந்தப் பொறுப்பைத் தனிப் பயனரின் தலையில் மட்டும் சுமத்துவதையும் எதிர்க்கிறேன். நினைவகச் சோதனைக்கான மெம்டெஸ்ட்86+ நிறுவப்பட்டதும் தன் வரியைத் தானே மெனுவில் சேர்த்துக்கொள்கிறது. ஐஎஸ்ஓவைக் கிரப் நேரடியாகத் திறக்கும் வசதி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிறுவும் நேரத்தில் அந்த டிஸ்ட்ரோவின் லைவ் ஐஎஸ்ஓவே கையில் இருக்கிறது. அதைச் சிறு பார்ட்டிஷன் ஒன்றில் நகலெடுத்து மெனுவில் சேர்க்க, நிறுவியில் ஒரு தேர்வுப்பெட்டி போதும். பாப் ஓஎஸ் செய்துகாட்டிவிட்டது. டெபியனும் உபுண்டுவும் ஃபெடோராவும் அதைச் செய்ய வேண்டும், அதுவும் இயல்பாகவே தேர்வாகியிருக்கும்படி செய்ய வேண்டும். வேண்டாதவர் நீக்கிக்கொள்ளட்டும். அது வரும்வரை, பிறருக்கு லினக்ஸ் நிறுவித்தரும் ஒவ்வொருவரும் இந்த வேலையை நிறுவலின் பகுதியாகவே செய்து கொடுக்க வேண்டும். பூட் ஆகாத கணினியின் முன் தனியாக உட்காரப்போகிறவர் அவர்களை நம்பித்தான் லினக்ஸுக்கு வந்திருக்கிறார்.